விசாவுக்கு டி.என்.ஏ. சோதனை கேட்டால்: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா அமெரிக்காவில், பிள்ளைகள் அயோத்தியாப்பட்டணத்தில். அண்ணன் டொரன்டோவில், அம்மா ஏற்காட்டில். இப்படிப் பிரிந்து கிடக்கும் குடும்பம் ஒன்றுசேர விசா மனு போட்டால், சில சமயம் ஒரு கடிதம் வரும்: உறவை உறுதிசெய்ய டி.என்.ஏ. சோதனை செய்து முடிவை அனுப்பலாம் என்று. பதற்றத்தில் அன்றைக்கே இணையத்தில் கண்ணில் பட்ட ஆய்வகத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வீண்தான்.

முதலில் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். யாருக்கும் யாருக்கும் இடையே என்ன உறவை நிரூபிக்கச் சொல்கிறார்கள்? கெடு எது? வழக்கு எண் எது? இந்த மூன்றையும் தனித்தாளில் எழுதி வையுங்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறை கூடுதல் ஆதாரம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அதிகபட்சம் 84 நாள்தான் அவகாசம். தபாலுக்கென்று சில நாள் கூடலாம், மற்றபடி நீட்டிப்பு கிடையாது. அமெரிக்கத் தூதரகம் நேர்காணலுக்குப் பிறகு, ஆதாரம் போதவில்லை என்று குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) பிரிவில் விசாவை நிறுத்திவைத்தால் ஓராண்டுக்குள் கேட்டதைக் கொடுக்க வேண்டும். மற்ற நாடுகளின் கெடு அந்தந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

கடிதம் ஏன் வந்தது?

உங்கள் ஆவணத்தில் ஏதோ ஒன்று அதிகாரிக்கு இடித்திருக்கிறது. நம் பக்கத்தில் அடிக்கடி இடிப்பது பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்கும்போது வயது சரிக்கட்ட வாத்தியார் ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிவிடுவார். அடுத்த பிள்ளைக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சான்றில் உள்ள உண்மையான தேதி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தாய்க்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள்! நமக்கு இது பள்ளிக்கூடத் தேதி என்று புரியும். அதிகாரிக்கு எப்படிப் புரியும்?

அடுத்தது பெயர். ரேஷன் கார்டில் செல்வி, பாஸ்போர்ட்டில் தமிழ்ச்செல்வி, மகனின் பிறப்புச் சான்றில் செல்வம்மாள். மூன்றும் ஒரே பெண்தான் என்று காகிதம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர் இனிஷியல், பின் கணவர் பெயர் இனிஷியல் என்பதும் அப்படியே. இவை போக, தாய்க்கு ஐம்பதை நெருங்கும் வயதில் பிறந்ததாகக் காட்டும் குழந்தை, பாஸ்போர்ட் முத்திரைப்படி தந்தை வெளிநாட்டில் இருந்த காலத்தில் கருவான குழந்தை, விசா மனுவுக்குச் சில மாதம் முன்புதான் பதிவான பிறப்பு ஆகியவையும் சந்தேகத்தைக் கிளப்பும்.

இவற்றில் பலவற்றைக் காகிதத்திலேயே தீர்க்கலாம். டி.என்.ஏ. சோதனை கடைசிப் படியாக இருப்பதே நல்லது. பல நாடுகளின் விதியும் அதுதான்: நம்பத்தகுந்த வேறு ஆதாரம் இல்லாதபோதுதான் சோதனையை யோசனையாகச் சொல்கிறார்கள்.

காகிதத்தைத் தேடும் வேலை

பிறப்புப் பதிவு கிராமத்தில் என்றால் வி.ஏ.ஓ.விடமும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். பழைய ஆண்டுகளின் பதிவேடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். சேலம் நகருக்குள் பிறந்திருந்தால் மாநகராட்சி. தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் ஒரு சான்று வாங்கிவிடுங்கள். வெறுங்கையோடு ‘கிடைக்கவில்லை’ என்று சொல்வதற்கும் இந்தச் சான்றை வைப்பதற்கும் அதிகாரி பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு. ஓராண்டு கடந்த பிறப்பைப் புதிதாகப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அப்படிப் பதிந்தாலும் தாமதப் பதிவுக்கு மதிப்புக் குறைவு என்பதால், அதோடு பழைய ஆதாரங்களைச் சேர்த்தே ஆக வேண்டும்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வீட்டிலேயே பிரசவமாகிப் பதியாமல் விட்ட பிறப்புகள் உண்டு. காபித் தோட்ட லைன் வீடுகளிலும் அப்படியே. ஆனால் தோட்ட வேலை என்றால் வேறு தடயங்கள் இருக்கும். தாய் பிரசவ உதவித்தொகை வாங்கியிருந்தால் தோட்ட அலுவலகப் பதிவேட்டில் மாதம், வருடம் இருக்கும். பி.எஃப். நியமனப் படிவத்தில் பிள்ளைகளின் பெயர், உறவு, வயது எழுதியிருப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் இருக்கும். முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, அண்மைக் காலப் பிறப்பு என்றால் கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண் ஆகிய எல்லாமே உதவும். ஆவணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. விசா என்ற நினைப்பே இல்லாத காலத்தில் எழுதிய காகிதத்தை யாரும் எளிதில் சந்தேகிக்க மாட்டார்கள்.

இத்தனையும் வைத்தும் போதாது என்றால், அப்போது சோதனைக்குப் போகலாம்.

எந்த நாடு என்ன கேட்கிறது?

அமெரிக்காவில் சோதனை கட்டாயமில்லை. ஆனால் மற்ற ஆதாரம் பலவீனமாக இருந்து, சோதனையும் செய்யாவிட்டால் மனு தோற்கலாம். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஏ.பி.பி. என்ற அமைப்பின் பட்டியலில் உள்ள ஆய்வகம்தான் செல்லும். பெற்றோர்–பிள்ளை உறவுக்கு 99.5 சதவீதமோ அதற்கு மேலோ வர வேண்டும். கனடாவில் அந்நாட்டுத் தர நிர்ணய மன்றத்தின் அங்கீகாரம் உள்ள ஆய்வகம், 99.8 சதவீதம். ஆஸ்திரேலியாவில் ஆய்வகங்களை அங்கீகரிக்கும் நாட்டா அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். பிரிட்டனில் நீதிமன்ற வழக்குகளுக்கான சோதனை செய்ய நீதி அமைச்சகம் அங்கீகரித்த ஆய்வகங்களின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 அக்டோபரில் அப்போதைய உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கூர்க்கா வீரர்களின் குடும்பங்கள், பிரிட்டிஷ் படைக்கு வேலை செய்த ஆப்கானியர்கள் உட்படப் பலரிடம் டி.என்.ஏ. சோதனையைக் கட்டாயம் என்று கேட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். இப்போதைய கொள்கைப்படி நீங்கள் விரும்பித் தரலாம். தர மறுத்ததையே காரணம் காட்டி உங்களுக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது.

இந்த நாடுகளில் பொதுவாகச் செலவு முழுக்க விண்ணப்பதாரர் பக்கம்தான். ஆய்வகக் கட்டணம், கூரியர், மாதிரி எடுக்கும் மருத்துவரின் கட்டணம் எல்லாம் சேரும். முடிவு சாதகமாக வந்தாலும் பணம் திரும்பாது, விசாவும் உறுதியில்லை. வயது, மருத்துவம், போலீஸ் சான்று, வருமானம் ஆகிய நிபந்தனைகள் அப்படியே நிற்கும்.

சேலத்துப் பரிசோதனை நிலையங்கள் சிலவற்றில் டி.என்.ஏ. சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கே வரும் கிட்டும் கிடைக்கிறது. வீட்டு மனநிம்மதிக்கு அது போதும். விசாவுக்குச் செல்லாது, ஏனென்றால் யாருடைய எச்சில் அது என்பதற்குச் சாட்சி இல்லை.

சொந்தத்தில் கல்யாணம்: இதை மறைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

டி.என்.ஏ.யை உறவு நிரூபிக்கப் பயன்படுத்திய முதல் வழக்கே ஒரு குடிவரவு வழக்குதான். பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டம்பரில் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கானா வம்சாவளிச் சிறுவன் ஒருவனின் வழக்கு அவரிடம் வந்தது. அவனை அழைத்துக்கொள்ள விரும்பிய பெண் அவனுக்கு ரத்த உறவு என்று சாதாரண ரத்தச் சோதனை காட்டியது. ஆனால் அவள் தாயா, தாயின் சகோதரியா என்று அதனால் சொல்ல முடியவில்லை. டி.என்.ஏ. சொன்னது: தாய்தான்.

தாயா, சித்தியா என்ற அதே கேள்வி நம் வீடுகளில் இன்னும் சிக்கலாகும். அக்கா மகளைக் கட்டிக்கொண்டவர், அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர் நம்மில் ஏராளம். சாதாரணக் குடும்பத்தில் ஒரு குழந்தையும் அதன் சித்தியும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். தந்தை தன் அக்கா மகளை மணந்தவர் என்றால், அந்தச் சித்தியும் அவருக்கு அக்கா மகள்தானே? அதனால் குழந்தைக்கும் சித்திக்கும் பகிர்வு எட்டில் மூன்று பங்காக ஏறிவிடும். தாய்–பிள்ளைப் பகிர்வான பாதிக்கு அது நெருங்கி வருகிறது.

இதனால் என்ன கோளாறு? ஆய்வகம் கணக்குப் போடும்போது ‘இவர் தாய்’ என்பதையும் ‘இவர் ரத்த சம்பந்தமே இல்லாத அந்நியர்’ என்பதையும் ஒப்பிடும். சொந்தத்தில் கல்யாணமான வீட்டில் உண்மையான போட்டி அந்நியரோடு இல்லை, நெருங்கிய உறவினரோடு. சகோதரர் சோதனையில் இது இன்னும் மோசம். பெற்றோர் உறவினர் என்பதால் பெரியப்பா பிள்ளைகள்கூட கூடப்பிறந்தவர்கள் போலத் தெரியலாம். அதனால் முடிவை அதிகாரி நம்பாமல் போகலாம். விவரம் முன்கூட்டியே தெரிந்தால் ஆய்வகம் அந்நியருக்குப் பதில் நெருங்கிய உறவினரை வைத்து ஒப்பிட்டுக் கணக்கிடும், கூடுதல் குறிப்பான்களை (மரபணுவில் ஒப்பிடும் இடங்களை) சோதிக்கும், இன்னொரு உறவினரையும் சேர்க்கச் சொல்லும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் வம்ச மரம் வரையுங்கள். தாத்தா, பாட்டி தலைமுறையிலிருந்து தொடங்கி, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவி ரத்த உறவினர் என்றால் அவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு. ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த ஆண்டு, உயிரோடு இருக்கிறாரா என்ற விவரம். வெளிநாட்டு ஆய்வகத்திடம் மாமா, அத்தான் என்று சொன்னால் புரியாது. ‘தாயின் உடன்பிறந்த தம்பி’ என்பதுபோல் பிரித்தே எழுதுங்கள். அதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பி, ‘பெற்றோர் ரத்த உறவினர்கள், இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா?’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடுமானவரை தாய், தந்தை இருவரின் மாதிரியும் கொடுங்கள். ஒரு பெற்றோரை மட்டும் வைத்துச் செய்வதைவிட மூவர் சோதனை எப்போதும் தெளிவாக வரும்.

வீட்டுக்குள் முதலில் பேசுங்கள்

அக்காவுக்கு நான்கு பிள்ளைகள், தங்கைக்கு இல்லை, ஒன்றைத் தங்கை வளர்த்தாள். ரேஷன் கார்டிலும் பள்ளியிலும் வளர்த்தவள் பெயரே தாய் பெயர். இதில் ஒரு குற்றமும் இல்லை, நம் ஊரில் அன்போடு நடப்பதுதான். ஆனால் டி.என்.ஏ.க்கு வளர்த்த அன்பு தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று மனுவில் எழுதிச் சோதனைக்கும் போனால், மோசடி என்ற முத்திரை விழும். தத்து என்றால் அது வேறு பாதை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான தத்துப் பத்திரம் மட்டும் வெளிநாட்டுக்குப் போதாது, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் காரா அமைப்பு தரும் தடையில்லாச் சான்றும் வேண்டும். அமெரிக்கா என்றால் பிள்ளையின் வயது வரம்பும் உண்டு. அதனால் சோதனைக்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

தந்தை யார் என்பதில் தாய்க்கு ஐயம் இருக்கலாம். வெளியே சொல்ல முடியாத காரணமும் இருக்கலாம். முடிவின் நகல் மனு போட்டவருக்குப் போகும், அதாவது பெரும்பாலும் கணவருக்கு. அந்தப் பெண் இங்கே மாமியார் வீட்டில் இருப்பாள். அவளிடம் தனியாகப் பேசாமல் குச்சியை வாயில் வைக்கச் சொல்வது கொடுமை. இந்தச் சோதனை என்ன காட்டும், முடிவு யாருக்குப் போகும், மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையெல்லாம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே அவளுக்கு விளக்க வேண்டும். கணவருக்கு உண்மை தெரிந்து அவரும் பிள்ளையை ஏற்றுக்கொண்டிருந்தால், அமெரிக்கச் சட்டத்தில் மாற்றாந்தந்தை உறவு என்ற வழி இருக்கிறது. திருமணத்தின்போது பிள்ளைக்கு 18 வயது ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனை. உண்மையைச் சொல்லி அந்த வழியில் போவது, பொய் சொல்லிச் சோதனையில் மாட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இந்தியச் சட்டப்படி திருமண பந்தத்துக்குள் பிறந்த பிள்ளை அந்தக் கணவரின் பிள்ளை என்றே அனுமானிக்கப்படும். விசாவுக்கு எடுத்த சோதனை ஒன்று பாதகமாக வந்ததாலேயே பிள்ளையின் சொத்துரிமை தானாகப் போய்விடாது. பயந்த பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுப்பது முதல் மாதிரி எடுப்பது வரை

அமெரிக்க வழக்கில் வரிசை இப்படி. அங்கே இருக்கும் மனுதாரர் ஏ.ஏ.பி.பி. பட்டியலைப் பார்த்து ஆய்வகத்தை நேரடியாகத் தொடர்புகொள்கிறார். இடைத்தரகர் வேண்டாம். வழக்கு எண், தூதரகத்தின் பெயர், சோதிக்கப்படுவோரின் பெயர்களை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே கொடுத்துப் பணம் கட்டுகிறார். தன் மாதிரியை அங்கேயே கொடுக்கிறார். இந்தியாவில் இருப்பவர்களுக்கான கிட்டை ஆய்வகமே தூதரகத்துக்கோ தூதரகம் குறிப்பிடும் மருத்துவருக்கோ அனுப்பிவைக்கும். கிட் உங்கள் கைக்கு வராது, வரவும் கூடாது. யாராவது கிட்டை சேலம் முகவரிக்கு அனுப்புவதாகச் சொன்னால் அந்த ஆய்வகத்தை விட்டு விலகுங்கள்.

பிறகு உங்களுக்கு நாள் குறிப்பார்கள். சேலத்தில் இருக்காது, கடிதத்தில் எந்த ஊர் போட்டிருக்கிறதோ அங்கேதான். கனடா, பிரிட்டன் வழக்குகளில் ஆய்வகமே இந்தியாவில் ஒரு மருத்துவரை ஏற்பாடு செய்யும். சென்னை தவிரக் கோவையிலோ சேலத்திலோ ஒருவரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். மலையிலிருந்து வயதான பாட்டியை இறக்க வேண்டியிருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் அதற்கு மேல் சென்னைப் பயணமும் சாதாரண விஷயமில்லை. சென்னை என்றால் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதி, அதிகாலையில் போய் இறங்கிவிடலாம்.

எடுத்துப்போக வேண்டியவை: அசல் பாஸ்போர்ட், தூதரகக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், சிறுபிள்ளைக்கு பிறப்புச் சான்று, கூடப்போகும் பெற்றோரின் அடையாள அட்டை. பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியோடு பிள்ளை போகிறது என்றால் யார் ஒப்புதல் கையெழுத்துப் போடலாம் என்பதை முன்கூட்டியே ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள். போன இடத்தில் ‘கார்டியன் யார்?’ என்று திருப்பி அனுப்பினால் மறுபடி நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும்.

மாதிரிக்கு ரத்தம் வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சு முனைக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட் எதுவும் கூடாது. வெற்றிலை போடும் பாட்டிகளிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். பாக்கின் துவர்ப்புப் பொருள் ஆய்வகத்தில் டி.என்.ஏ.யைப் பெருக்கும் வினையையே தடுக்கக் கூடியது. காலையில் எழுந்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்து, அதன்பின் தண்ணீர் மட்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். தாயின் செல்கள் குழந்தை வாயில் ஒட்டியிருந்தால் இரண்டு பேர் கலந்த மாதிரியாகிவிடும்.

குச்சியைக் கன்னத்தில் அழுத்தி, உருட்டி உருட்டி, ஏறக்குறைய அரை நிமிடம் தேய்ப்பார்கள். எச்சில் பட்டால் போதாது, கன்னத் தோலின் செல் வர வேண்டும். ஆளுக்கு இரண்டு முதல் நான்கு குச்சி. காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் போடுவார்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதையும். மலையில் பனிமூட்டமான நாளில் எடுத்தால் இன்னும் கூடுதல் நேரம் உலர வேண்டும். உறையை மூடி, பிரித்தால் தெரியும்படி முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார்கள். அந்த நொடியில் ஒரு வேலை உங்களுக்கு: உறையின்மேல் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் வாய்விட்டுப் படியுங்கள். அண்ணன் உறையில் தம்பியின் குச்சி போனால், சோதனை துல்லியமாகத் தவறான விடையைச் சொல்லும்.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தவர், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவர் என்றால் மாதிரி கொடுக்கும்முன் சொல்லிவிடுங்கள். அச்சுஅசலான இரட்டையரை இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது.

முடிவை வாசிப்பது எப்படி?

முடிவு ஆய்வகத்திலிருந்து நேராகத் தூதரகத்துக்கோ குடிவரவுத் துறைக்கோ போகும். உங்களிடம் வருவது நகல்தான், அதைக் கொண்டுபோய் நீட்டினால் ஏற்க மாட்டார்கள். அறிக்கையில் ஒரு அட்டவணை இருக்கும், பெரும்பாலும் இருபது வரிகளுக்கு மேல். ஒவ்வொரு வரியும் மரபணுவில் ஓர் இடம், அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். டி8எஸ்1179 என்ற வரியில் தாய்க்கு 12, 13. தந்தைக்கு 14, 15. பிள்ளைக்கு 12, 14 என்று இருந்தால், 12 தாயிடமிருந்தும் 14 தந்தையிடமிருந்தும் வந்திருக்கிறது. இப்படி எல்லா வரியும் பொருந்த வேண்டும். ஒரே ஒரு வரியில் தந்தைக்கு 15, பிள்ளைக்கு 14 என ஒருபடி தள்ளியிருந்தால் பயப்பட வேண்டாம், இயற்கையான மரபணு மாற்றமாக இருக்கலாம். ஆய்வகம் அதையும் கணக்கில் சேர்க்கும். மூன்று, நான்கு வரிகள் பொருந்தாவிட்டால்தான் ‘விலக்கப்படுகிறார்’ என்று எழுதுவார்கள். இடையில் நின்றால் கூடுதல் குறிப்பான்களைச் சோதிக்கக் கேளுங்கள்.

கீழே ஒருங்கிணைந்த குறியீடு என்று ஒரு எண் இருக்கும். அந்நியர் என்பதைவிடப் பெற்றோர் என்பதற்கு இந்த முடிவு எத்தனை மடங்கு பொருந்துகிறது என்பதே அது. அது 199 என்றால் 99.5 சதவீதம், 499 என்றால் 99.8, பத்தாயிரத்தைத் தொட்டால் 99.99. மூவர் சோதனையில் சாதாரணமாக இது லட்சக்கணக்கில் போகும். அதனால் 99.6 என்று வந்து நின்றால் அமெரிக்காவுக்குப் போதும், கனடாவுக்குப் போதாது. ஏன் இவ்வளவு குறைவு என்று ஆய்வகத்தைக் கேட்பதும் நல்லது.

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ இறந்துபோய் அண்ணன் தம்பி உறவை நிரூபிக்க வேண்டிய வழக்குகளில் முடிவு இவ்வளவு சுத்தமாக வராது. கூடப்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி பகிர்ந்தாலும் ஜோடிக்கு ஜோடி அது ஏறும், இறங்கும். ஒரே தந்தைக்கு இரு மனைவியர் மூலம் பிறந்தவர்கள், சித்தப்பா–அண்ணன் மகன், தாத்தா–பேரன் ஆகிய மூன்று உறவுகளும் சாதாரணச் சோதனையில் ஒரே மாதிரிதான் தெரியும். இருவரும் ஆண் என்றால் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். ஆனால் பங்காளிகள் எல்லாருக்கும் அதே ஒய்தான், தந்தைவழி ஒன்று என்பதற்கு மேல் அது பேசாது. தாய்வழிச் சோதனையும் தாயையும் சித்தியையும் பிரிக்காது. இப்படிப்பட்ட வழக்கில் உயிரோடு இருக்கும் தாயையோ, உறவில் சந்தேகமே இல்லாத இன்னொரு சகோதரரையோ சேர்ப்பதுதான் வழி.

முகாம் குடும்பங்களுக்கு

சேலம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் மனுக்களில் பிறப்புச் சான்று இல்லாதது சகஜம். போரில் ஊரோடு பதிவேடும் போனது. பாஸ்போர்ட் இல்லையென்றால் முகாம் அடையாள அட்டையை ஏற்பார்களா என்று ஆய்வகத்திடமும் குடிவரவுத் துறையிடமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே நாள் குறியுங்கள். முகாமில் கணக்கெடுப்பு நாளில் வெளியூர்ப் பயணம் விழாமல் பார்த்து, முன்கூட்டி அனுமதி வாங்குங்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்று உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். கனடாவில் இருப்பவர் தான் குடியேறியபோது எந்தப் பிள்ளையையாவது படிவத்தில் காட்டாமல் விட்டிருந்தால், டி.என்.ஏ. பொருந்தினாலும் அந்தப் பிள்ளைக்குக் குடும்ப வகையில் வழி அடைபடலாம். சோதனைக்குச் செலவழிக்கும் முன் அந்தப் பழைய படிவத்தைப் பாருங்கள்.

ஏஜென்ட்டுகள், கெடுக்கள்

‘ரிசல்ட்டை செட் பண்ணித் தரேன்’ என்று சொல்பவர் பணத்தைத்தான் செட் பண்ணிக்கொள்வார். மாதிரி சாட்சி முன்னிலையில் எடுக்கப்பட்டு, முத்திரையோடு போய், முடிவு நேராகத் தூதரகம் சேர்கிறது. இடையில் நுழைய அவருக்கு இடமில்லை. ஆளை மாற்றி உட்கார வைத்துப் பிடிபட்டால் அமெரிக்காவில் ஆயுள் முழுக்கத் தடை, பிரிட்டனில் பத்தாண்டு, கனடாவில் ஐந்தாண்டு.

மருத்துவப் பரிசோதனையை டி.என்.ஏ. முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அமெரிக்க விசாவுக்கு அது பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், காத்திருக்கும்போதே காலாவதியாகி மறுபடி கட்ட வேண்டி வரும். பிள்ளைக்கு வயது வரம்பு நெருங்குகிறது என்றால், அமெரிக்காவில் 21, கனடாவில் 22, பிரிட்டனில் 18, அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதி விரைவுபடுத்தக் கேளுங்கள்.

முடிவு எதிராக வந்தால் மாதிரி மாறியதா, பெயர் மாறியதா என்று முதலில் பாருங்கள். ஐயம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்தில் மறுபடி புதிதாக எடுத்து அனுப்பக் கோரலாம். எல்லாம் முடிந்தபின் மிச்ச மாதிரியை அழித்துவிடச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அழித்ததற்கு எழுத்தில் உறுதியும் வாங்குங்கள். மேல்முறையீடு நடக்கிறது என்றால் அது முடியும் வரை அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.